வாகைக்கு ஊற்றிய தண்ணீர்

எரியோட்டில் என் தம்பியின் தோட்டத்து வரப்பிலிருந்து அந்த வாகைக் கன்றைப் பால் கவரில் மண்ணோடு எடுத்துவந்தேன். அப்போது அது முழங்கை உயரம்கூட இல்லை. நாங்கள் திண்டுக்கல்லில் வீடு கட்டிக் குடிவந்த புதுசு. காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நட்டேன்.

“பூச்செடி வச்சா சாமிக்காவது ஆகும். இது எதுக்கு?” என்றார் என் வீட்டுக்காரர். பஸ் கண்டக்டராக இருந்தார் அப்போது. நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் தெருவில் நல்ல தண்ணீர் பத்து நாளுக்கு ஒரு தடவைதான் வரும். போர் தண்ணீரோ ஒரே உப்பு. அதை ஊற்றிக் கன்று கருகப் பார்த்ததும், அரிசி கழுவியது, காய் கழுவியது எல்லாவற்றையும் வாளியில் சேர்த்துவைத்து ஊற்ற ஆரம்பித்தேன். ஆடு கடிக்காமல் சுற்றிலும் முள் கட்டினேன். கம்பியில் உரசுகிறது என்று கரண்ட் ஆபீஸ்காரர்கள் அரிவாளோடு வந்தால் டீ போட்டுக் கொடுத்து, கூடவே நின்று, உரசுகிற கிளையை மட்டும்தான் வெட்டவிடுவேன். மரத்துப் பைத்தியம் என்று அவர்களுக்குள் பேச்சு. பேசிவிட்டுப் போகட்டும். இருபது வருஷத்தில் மரம் மொட்டைமாடியைத் தாண்டிவிட்டது. சித்திரை வெயிலிலும் என் அடுப்படி குளுகுளுவென்று இருக்கும். காய்ந்த காய்கள் காற்றில் கலகலப்பதைக் கேட்டுக்கொண்டே சமைப்பேன்.

ஒரு நாள் வேர் தள்ளிக் காம்பவுண்டுச் சுவரில் விரிசல் கண்டது. என் வீட்டுக்காரர் விரலை உள்ளே விட்டுப் பார்த்தார்.

“செவுத்த இடிச்சுத் தள்ளிக் கட்டுங்க. மரத்தத் தொடாதீங்க” என்றேன்.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சரி, மனுஷன் விட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

போன ஐப்பசியில் அவருக்கு வாயுத் தொல்லை. “மோர்ல கரைச்சுக் குடிக்கணும். கட்டிப் பெருங்காயம் வாங்கியா, தூளு வேணாம்” என்றார். கடைவீதிக்கு நடந்துபோய் வாங்கிவந்தேன். ஒரே மாதத்தில் தீர்ந்துவிட்டது, மறுபடியும் வாங்கினேன். “நானே கரைச்சுக்கிறேன், நீ விடு” என்றார். ரிட்டயர் ஆன பிறகாவது ஒரு வேலையைத் தானே செய்கிறாரே என்று எனக்குச் சந்தோஷம்.

மாசியில் வாகை இலையை உதிர்ப்பது வழக்கம்தான். பங்குனி கடைசியில் துளிர்த்துவிடும். இந்த வருஷம் துளிர்க்கவில்லை. சித்திரையும் போனது, வைகாசியும் போனது. எனக்கு முழங்கால் வலி என்பதால் அவரே வாளியைத் தூக்கினார். காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு. “துளுத்துரும், கவலப்படாத” என்பார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நான் இருந்தேன்.

ஆனிக் காற்றில் ஒரு பட்ட கிளை ஒடிந்து விழுந்தது. மரம் வெட்டுகிறவரை வரச்சொன்னேன். வந்தவர் அடிமரத்தைச் சுற்றி மண்ணைச் செதுக்கினார். களிமண் வைத்து அடைத்த துளைகள் நான்கு இருந்தன. ஒன்றைக் குச்சியால் நோண்டி, குச்சியை என்னிடம் நீட்டினார்.

“மோந்து பாருங்கக்கா. பெருங்காயம். மரம் பட்டுப்போகணும்னா இதத்தான் வைப்பாங்க.”

பக்கத்து வீட்டுக்காரிமேல்தான் எனக்குச் சந்தேகம். குப்பை விழுகிறது என்று வருஷம் பூராவும் முணுமுணுக்கிறவள். நாலு கேள்வி கேட்கலாம் என்று கிளம்பினேன்.

“தொளையெல்லாம் உங்க வீட்டுப் பக்கம்லக்கா இருக்கு” என்றார் மரம் வெட்டுகிறவர்.

திரும்பினேன். என் வீட்டுக்காரர் வாளியோடு நின்றுகொண்டிருந்தார்.

“வீடு பொளந்துரும்னு பயந்துட்டேன். கேட்டா நீ விட்டிருக்க மாட்ட” என்றார்.

“விட்டிருக்க மாட்டேன்தான். சண்ட போட்டிருப்பேன். நீங்களும் போட்டிருக்கலாம்ல?”

அவர் வாளியைக் கீழே வைத்தார். என்னிடம் சொல்லிவிட்டு வெட்டியிருந்தால்கூட, நாலு மாதம் பேசாமல் இருந்துவிட்டு ஆறியிருப்பேன். தானே கொன்ற மரத்துக்கு என் கண்முன்னாலேயே தினமும் தண்ணீர் ஊற்றினாரே, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. அதிலும் கொன்ற மருந்தை வாங்கிவந்தது என் கை.

மத்தியானம் வழக்கம்போலச் சோறு போட்டேன். மோர் ஊற்றிவிட்டு, பெருங்காய டப்பாவை எடுத்துவந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“வாயு எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

“சரியாப் போச்சு” என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டே.