மோட்சத்துக்குச் சேத்த புளியங்கொட்டை

...சேலைய முட்டி வரைக்கும் தூக்கிக் காட்டுறா தங்கச்சி! நடுத்தெருவுல நின்னுக்கிட்டு! "பாருங்கக்கா, வேளாங்கண்ணி வரைக்கும் செருப்பில்லாம நடந்தேன், கீழவாஞ்சூர் தாண்டுறதுக்குள்ளயே மொதக் கொப்புளம்"ங்குறா. சீழு வடியுது. ஈ மொய்க்குது. நான் அப்பத்தான் காப்பிய வாயில வச்சிருக்கேன். கொமட்டிக்கிட்டு வந்துருச்சு. மூலை வூட்டுக்காரிதான், வேற யாரு? போன வருசம் எட்டாம், இந்த வருசம் பதினொண்ணாம். கொப்புளத்த எண்ணி வச்சிருக்கா. மாதா இவகிட்ட சீழா கேட்டாங்க?

நீ ஒக்காரு. அருவாமணைய இப்படித் தள்ளு. இந்த வருசம் புளி நல்ல சதைப்பத்து, பாத்தியா? விழிதியூர்ல எங்க நாத்தனா வூட்டு மரம். ஆமா, கொட்டைய ஏன் தனியா எடுத்து வைக்கிற? வறுத்துத் திங்கவா? வேணாம் தாயி, குப்பையில தள்ளு. எனக்குப் புளியங்கொட்டையக் கண்டாலே ஒடம்பு கூசும். சிரிக்காத. நீ இந்தத் தெருவுக்குக் குடிவர்றதுக்கு முந்தி நடந்தது, ஒனக்குத் தெரியாது.

எம் மாமியா இருந்தாங்களே, அவங்களுக்கு ஒரே ஒரு கவலதான். செத்தா மோட்சம் கெடைக்குமா, கெடைக்காதா? சோறு வெந்துச்சா, மவன் வந்தானா, அதெல்லாம் பொறவு. அதுக்குன்னு ஒரு டப்பா வச்சிருந்தாங்க. பிஸ்கோத்து டப்பா. மாமனாரோட அண்ணன் ஒருத்தரு பிரஞ்சுக்காரன் பட்டாளத்துல சொல்தாவா, அதான் சிப்பாயா இருந்தவரு, சைகோன்லேர்ந்து கொண்டாந்தாராம். மூடியில கொடை புடிச்ச வெள்ளக்காரி படம். பிஸ்கோத்த யாரு தின்னாங்களோ, டப்பா மட்டும் நின்னுச்சு.

என்னய மாதிரிதான் அவங்களும். கைநாட்டு. எழுதி வைக்கத் தெரியாதுல்ல, அதனால ஒரு செபமாலை சொல்லி முடிச்சா டப்பாவுல ஒரு புளியங்கொட்டை. ஒரு பூசை பாத்தா ஒண்ணு. வெள்ளிக்கெழம கறி தொடாம இருந்தா ஒண்ணு. தபசு காலத்துல ஒருவேளைச் சோத்தோட கெடந்தா ரெண்டு. வாசல்ல பிச்சக்காரன் வந்தா கஞ்சி ஊத்துறதுக்கு முந்தியே கொட்டைய எடுத்து மடியில முடிஞ்சுக்குவாங்க. ஒரு நாளு அந்தாளு, "வேணாம் ஆச்சி, இப்பத்தான் சாப்புட்டேன், வயித்துல எடமில்ல"ன்னுட்டான். அவங்களுக்கு வந்துச்சே கோவம்! "குடிச்சிட்டுப் போடா! ஒனக்காகவா ஊத்துறேன்?"ன்னு தெருவுல தொரத்திக்கிட்டு ஓடுனாங்க. பாவம், திரும்பி வந்து வாசக்காலப் புடிச்சுக்கிட்டு குடிச்சிட்டுப் போனான்.

பெரும்புயல் அடிச்சுச்சே, கூரையெல்லாம் பறந்துச்சே, அப்ப எங்க வூட்டுல ஒரு வெள்ளாடு செனையா நின்னுச்சு. நான் ஆட்ட இழுக்குறேன், வர மாட்டேங்குது. "அத்தை, ஒரு கை புடிங்க"ன்னு கத்துறேன். அவங்க டப்பாவ மாரோட அணைச்சுக்கிட்டு கோயிலப் பாத்து ஓடுறாங்க. ஆடு போயிடுச்சு. டப்பா பொழைச்சுச்சு. இன்னிக்கும் நெனச்சா எனக்கு வயிறு எரியுது, ரெட்டைக் குட்டி தங்கச்சி அது வயித்துல.

சரி, மாமனாரு கதைக்கு வர்றேன், அவரு இல்லாம இது புரியாது. அவரு ஒரு கொட்டை சேக்காதவரு. நம்ம காரைக்கால்ல சாராயக் கடைக்கா பஞ்சம், எல்லை தாண்டி வந்தெல்லாம் குடிக்கிறானுவ, இவருக்கு வாசல் தாண்டுனாக் கடை. பூசைக்கு மணி அடிச்சா இவரு திரும்பிப் படுப்பாரு. வாயத் தொறந்தா ஒரு மொழத்துக்கு நாறும். கடைசியில ஈரல் கெட்டு, வயிறு பானையாட்டம் வீங்கி, பாயில கெடந்தாரு. சாவுறதுக்கு முந்தின நாளு, அவரே சாமியாரக் கூப்புடச் சொன்னாரு. செஞ்ச பாவத்தையெல்லாம் அவருகிட்டச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணுனாரு. பொறவு சுவத்துல மாட்டியிருந்த சிலுவையப் பாத்து, கண்ணுல தண்ணி வடிய, "சேசுவே, எங்கிட்ட ஒண்ணுமில்ல, என்னயத் தூக்கிக்க"ன்னாரு. அவ்வளவுதான். மறுநா போய்ட்டாரு. சிரிச்ச மாதிரி கெடந்துச்சு மொகம். அடக்கத்துல பெரிய சாமியாரு, "இவரு கள்ளனப் போல கடைசி நேரத்துல கேட்டாரு, ஆண்டவர் மறுக்க மாட்டாரு"ன்னு சொன்னாரு. சேசுவுக்கு வலப்பக்கத்துச் சிலுவையில ஒரு கள்ளன் தொங்குனான்ல, அவனுக்கு அங்கேயே மோட்சம் சொன்னாருல்ல, அத வச்சு.

எம் மாமியாவுக்கு அது பொறுக்கல. பதினாறாம் நாளு வரைக்கும் அழல அவங்க. பல்லக் கடிச்சுக்கிட்டே இருந்தாங்க. "சாவுறப்ப ஒரு வார்த்தை சொன்னா ஆச்சா? அப்ப எம் முட்டி தேஞ்சது எதுக்குடி? அந்த நாத்தம் புடிச்ச மனுசனும் நானும் ஒரே மோட்சத்துல ஒக்காரணுமா? தூ!" அப்படியே துப்புனாங்க. அதுக்குப் பொறவு டப்பாவுல கொட்டை இன்னும் வேகமா விழுந்துச்சு.

நாலஞ்சு வருசம் கழிச்சு, கெணத்தடியில பாசி வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு போச்சு. படுத்த படுக்கை. அள்ளுனது யாரு? நான்தான். ஒளிக்காம சொல்றேன், எனக்கு அந்த நாத்தம் தாங்காது. மூக்குல முந்தானையச் சுத்திக்கிட்டுத்தான் உள்ள போவேன். பீத்துணி, மூத்திரத் துணி, முதுகுல படுக்கைப் புண்ணு, அதுல தண்ணியா ஊறுறது. தொடச்சுட்டு வெளிய வந்து கொல்லையில ஓங்கரிப்பேன். எங்க வூட்டுக்காரரு வாசலோட நின்னு, "அம்மா, எப்படி இருக்க?"ன்னு கேட்டுட்டு ஓடிருவாரு. பெத்த புள்ள!

கோயில்லேர்ந்து பொம்பளைங்க பாக்க வருவாங்க. மூலை வூட்டுக்காரியும் வருவா. "ஒனக்கு மோட்சம் நிச்சயம்க்கா, இப்படி ஒரு மருமவளா!"ன்னு சொல்லுவா. எனக்கு அது எவ்வளவு இனிப்பா இருந்துச்சு தெரியுமா? இப்பச் சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. நான் என்ன செஞ்சேன், அடுப்பாங்கரையில ஒரு காலி பால்மாவு டப்பா கெடந்துச்சு. ஒரு வாட்டி துணி மாத்துனா, அதுல ஒரு புளியங்கொட்டை.

ஆமாடி. நானுந்தான்.

ஒரு மத்தியானம் மூச்சு எளைக்க ஆரம்பிச்சுச்சு அவங்களுக்கு. வூட்டுக்காரரு சைக்கிள எடுத்துக்கிட்டு சாமியாரக் கூப்புடப் போனாரு, கடைசி எண்ணெ பூசறதுக்கு. மாமியா எங் கையப் புடிச்சாங்க. பயம் தங்கச்சி, கண்ணெல்லாம் பயம். "டப்பாவ எடுத்தாடி. என்னயப் பொட்டியில வைக்கிறப்ப அத எங் கையில குடுத்துரணும். வாசல்ல கேப்பாங்க. நான் என்ன படிச்சவளா, பேசி ஜெயிக்க? கொட்டிக் காட்டணும். போதுமா பாருடி, முக்காலாவது இருக்கா பாரு."

பரண்லேர்ந்து எறக்குனேன். கனமில்ல. அப்பவே எனக்குச் சந்தேகந்தான். மூடி துருப்புடிச்சு இறுகிக் கெடந்துச்சு, கத்திய விட்டு நெம்புனேன். பட்டுன்னு தொறந்துச்சு பாரு, ஐயோ, கரப்பாம்பூச்சி! ஒண்ணு ரெண்டு இல்ல. எங் கையில ஏறுது, கட்டில்ல ஓடுது, அவங்க போர்வைக்குள்ள போவுது. நான் போட்ட கூச்சல்ல டப்பா கவுந்துருச்சு. கொட்டையெல்லாம் வண்டு தொளைச்ச வெறுங் கூடு. மாவா உதிருது. எலிப்புழுக்கை. கரப்பு முட்டை. அடியில ஒரு பல்லி செத்து, காஞ்சு, தோலா ஒட்டிக்கிட்டு இருக்கு. நாத்தம்னா நாத்தம், அந்தப் படுக்கைப் புண்ணு தேவலாம் போ.

அவங்க பாத்தாங்க. மார்ல கெடந்த மாவ வெரலால தொட்டுத் தொட்டுப் பாத்தாங்க. "அம்புட்டும் போச்சா?"ன்னாங்க. "நான் வெறுங்கையோடயா போவணும்?" சின்னப் புள்ள மாதிரி ஒதடு பிதுங்குச்சு. எனக்கு மனசு தாங்கல. ஓடிப் போயி என்னோட டப்பாவ எடுத்தாந்தேன். "அழுவாதீங்க அத்தை, இத வச்சுக்குங்க, இதுவும் கொட்டைதான்."

"இது ஏதுடி?"

"என்னோடது."

"நீ எந்தக் காலத்துல செபமாலை சொன்ன?"

வாயி சும்மா இருந்திருக்கலாம். "ஒங்களுக்குத் துணி மாத்துனதுக்கு அத்தை. ஒரு வாட்டிக்கு ஒண்ணு."

என்னயே பாத்தாங்க. "மூக்கப் பொத்திக்கிட்டுத்தான மாத்துன?"

"பொத்திக்கிட்டுத்தான்."

"அதுக்குமா போட்ட?"

"போட்டேன்."

"சீ"ன்னாங்க. அந்தப் பார்வைய நான் சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன். அவங்க பீய நான் எப்படிப் பாத்தேனோ, அப்படிப் பாத்தாங்க என்னய. எம் மூக்குக்கே நான் நாறுன மாதிரி இருந்துச்சு. கொட்டையப் போடுறப்ப உள்ள குனிஞ்சு பாத்ததே இல்ல, இப்ப பால்மாவு டப்பாவ நல்லாத் தொறந்து பாத்தா, அடியில ஒட்டியிருந்த மாவுக்கு எறும்பு வந்து, அதுலயும் கரப்பு குஞ்சு பொரிச்சு வச்சிருக்கு. அவங்களோடதுக்கு நாப்பது வருசம் ஆச்சு, என்னோடதுக்கு எட்டு மாசம் போதுமா இருந்துச்சு. ரெண்டு டப்பாவும் கட்டில்ல கெடக்கு.

அந்த நேரம் பாத்து சாமியாரு வர்றாரு. புதுசா வந்த சின்னச் சாமியாரு, மீசை கூட சரியா மொளைக்கல. உள்ள கால வைக்கிறாரு, ஒரு கரப்பு அவரு செருப்பு மேல ஏறுது. மனுசன் அங்கியத் தூக்கிக்கிட்டு முக்காலி மேல ஏறிட்டாரு! எனக்குச் சிரிப்பு வேற வந்துருச்சு, அந்தக் கருமத்துலயும்.

மாமியா சொன்னாங்க, "சாமி, எங்கிட்ட ஒண்ணுமில்ல. பூச்சி தின்னுடுச்சு."

அவரு முக்காலியிலேர்ந்தே, "அப்பச் சரி பாட்டி, ஆரம்பிக்கலாம்"ன்னாரு.

"என்னத்த ஆரம்பிக்கிறது? எதக் காட்டி உள்ள போவேன்?"

"ஒங்க வூட்டுக்காரரு எதக் காட்டிப் போனாரு?"

வாய் தவறிக் கேட்டாரா, பெரிய சாமியாரு சொல்லித் தெரிஞ்சு கேட்டாரா தெரியல. அவங்களுக்கு மூஞ்சி வெளக்கெண்ணெ குடிச்ச மாதிரி ஆயிருச்சு. "அந்தக் குடிகாரன் எதக் காட்டுனான்? சும்மா கேட்டான். சும்மா குடுத்துட்டாங்க."

"ஒங்களுக்கும் சும்மாதான் பாட்டி. வேற வெதமா அங்க குடுக்குறதில்ல. சேசு செத்தது அதுக்குத்தான். நம்பிக் கையை நீட்டுறதுதான் நம்ம வேலை."

"எனக்கு இனாம் வேணாம்"னு சுவத்தப் பாத்து மொகத்தத் திருப்பிக்கிட்டாங்க. பாரேன் திமிர! மூச்சு போவுது, கட்டிலு முழுக்கக் கரப்பு, இனாம் வேணாமாம். சாமியாரு எண்ணெ பூசிட்டு, மனசில்லாமத்தான் போனாரு. "நம்புங்க பாட்டி"ன்னு வாசல்லேர்ந்து இன்னொரு தடவ சொல்லிட்டுப் போனாரு.

நான் கட்டிலத் தட்டி, கொட்டை மாவெல்லாம் கூட்டி அள்ளி, ரெண்டு டப்பாவையும் சேத்துக் குப்பைக் குழியில எறிஞ்சேன். அவங்க சாவல, பதினொரு நாளு இருந்தாங்க. நானும் துணி மாத்துனேன். ஓங்கரிப்பு வந்துச்சு, இல்லேன்னு சொன்னாப் பொய்யி. கை மட்டும் ரெண்டு நாளு தன்னால புளிப் பானைப் பக்கம் போச்சு, கொட்டை எடுக்க. சீன்னு இழுத்துக்கிட்டேன். பொறவு மூக்குல முந்தானை சுத்துறதயும் வுட்டேன். ஏன்னு கேக்காத. அவங்க எம் மொகத்தப் பாக்கணும்னு தோணுச்சு.

கடைசி நாளு காலையில கஞ்சி குடுத்தேன். கையத் தூக்க முடியல, தலையத் திருப்ப முடியல. வாய மட்டும் தொறந்தாங்க. நான் ஊத்துனேன். முழுங்கிட்டு எங் கரண்டியவே பாத்துக்கிட்டு இருந்தாங்க ரொம்ப நேரம். "ஏண்டி, இதுக்கு ஒண்ணும் போடலியா?"

"டப்பாவே இல்லியே அத்தை."

"சும்மாவா ஊத்துற?"

"சும்மாத்தான் ஊத்துறேன். வாயத் தொறங்க."

தொறந்தாங்க. குடிச்சாங்க. கண்ணுல தண்ணி வந்து காதுப் பக்கம் எறங்குச்சு. பொறவு சுவத்துச் சிலுவையப் பாத்தாங்க. "அந்தாளு என்னடி சொன்னாரு?"

"யாரு, மாமாவா? சேசுவே, எங்கிட்ட ஒண்ணுமில்ல, என்னயத் தூக்கிக்கன்னாரு."

"ம்ம். அதையே நானும் சொல்றேன்னு சொல்லு." ஒரு மூச்சு விட்டுட்டு, "இல்ல, நானே சொல்றேன்"னாங்க. சொன்னாங்க தங்கச்சி. ஒவ்வொரு வார்த்தையா, பல்லு இல்லாத வாயால. மத்தியானத்துக்குள்ள போய்ட்டாங்க. பொட்டியில கை ரெண்டும் வெறுமையா இருந்துச்சு. மொகம் மாமனாரு மொகம் மாதிரியே...

இரு, இரு, குழாயில தண்ணி விட்டுட்டான் போலிருக்கே, சத்தம் கேக்குது. எந்திரி, புளிய மூடு, காக்கா கொத்தும். கொட்டைய அந்தக் குழியில கொட்டிட்டு வா. மூலை வூட்டுக்காரி அந்தக் கால வச்சுக்கிட்டு எங்க வந்து கொடம் தூக்கப் போறா, அவ கொடத்தையும் நாமதான் ரொப்பிக் குடுக்கணும். வேப்பெலை ரெண்டு கொத்து ஒடி, அந்தச் சீழக் கழுவிவிட... சீ, இப்பவே கொமட்டுது. கொடத்த எடு, சீக்கிரம், தண்ணி நின்னுரும்.