கோல் கம்பத்தடியில் ஆட்டுக்கிடை

ஆட்டுப் புழுக்கை நாற்றம் எங்கே வந்தாலும் எனக்கு இன்றைக்கும் குமட்டும். கூடவே ஒரு மனிதரின் வெள்ளை வேட்டியும் ஞாபகத்துக்கு வரும். எது அதிகமாகக் குமட்டுகிறது என்று கேட்டால் வேட்டி என்றுதான் சொல்வேன்.

எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவில் கால்பந்து அணிக்கு நான் கோல்கீப்பர். மாவட்ட லீக்கில் நாங்கள் இரண்டாம் டிவிஷன். முதல் டிவிஷனில் ஆடியவர்களில் பலர் மில் அணிக்காரர்கள், சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள். எங்களுக்குப் போகவர பஸ் சார்ஜ், ஆட்டம் முடிந்தால் புரோட்டா, அவ்வளவுதான். அந்த சீசனில் சிவகிரியையும் வாசுதேவநல்லூரையும் அவர்கள் ஊரிலேயே போய் ஜெயித்தோம். கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில். அதில் ஜெயித்தால் முதல் டிவிஷன். எனக்கோ அதைவிடப் பெரிய காரியம் ஒன்றிருந்தது. ஒரு மில் அணியின் மேனேஜர் அன்றைக்கு என்னைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். என் ஆட்டம் பிடித்துவிட்டால் மில்லில் வேலை. பள்ளிக்கூடம் முடித்து மூன்று வருஷமாகத் தண்டச்சோறு தின்றுகொண்டிருந்தேன்.

எங்கள் சங்கத்துச் செயலாளர் பெரிய சம்சாரி, நிலபுலத்தோடு விவசாயம் பார்க்கிறவர். மைதானத்தை ஒட்டி அவருக்கு மிளகாய்க் காடு இருந்தது. பந்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது உருண்டை என்பதுதான். மில்காரர் வரும்போது மைதானம் கட்டாந்தரையாகக் கிடந்தால் ஊருக்கு அசிங்கம், புல் வளர்க்க வேண்டும் என்று கிளம்பினார். அறுப்பு முடிந்த காட்டில் ராத்திரி ஆடுகளை மடக்கிக் கிடை போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். இளையரசனேந்தல் பக்கமிருந்து ஒரு மந்தையை வரவழைத்து மைதானத்திலேயே கிடை போட்டுவிட்டார். கூலி சங்கத்து வசூலில் இருந்து போனது.

"அண்ணாச்சி, நான் அதுல விழுந்து பந்தைப் புடிக்கணுமே" என்றேன்.

"ஏலே, ஆடு படுத்த நெலம் வீணாப் போனதுண்டா? ஒரு மழை பெய்யட்டும், பச்சைப் பசேல்னு வரும் பாரு. நீ நின்னுக்கிட்டே புடிலே."

மழை பெய்தது. ஆட்டத்துக்கு முந்தின நாள் கொட்டித் தீர்த்தது. புல் ஒன்றுகூட வரவில்லை. மைதானம் முழுக்கப் பச்சையும் கறுப்புமாக ஒரு கூழ், அதன் மேல் ஈ. எங்கள் பையன் ஒருவன் ஆட்டம் தொடங்குமுன்பே கோட்டுக்கு வெளியே போய் வாந்தி எடுத்தான். வெளியூர் அணியினர் மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு இறங்கினார்கள். நடுவர் விசிலை வாயில் வைக்கவே தயங்கினார்.

முதல் பந்துக்கு நான் பாய்ந்தேன். நின்றுகொண்டு பிடிக்க அது என்ன மாம்பழமா? கைக்கு வந்த பந்து வழுக்கிக்கொண்டு கோலுக்குள் போனது. என் வாய்க்குள் போனதைச் சொல்லப் பிடிக்கவில்லை. இரண்டாவதும் அப்படித்தான். நிமிர்ந்து பார்த்தேன். மில் மேனேஜர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வண்டிப்பேட்டைப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். அதற்கப்புறம் எத்தனை கோல் விழுந்தது என்று எண்ண எனக்கு மனமில்லை.

தரை காய்ந்ததும் அந்தப் பக்கம் போனேன். கோல் கம்பத்தடியில் இரண்டு மாட்டு வண்டி நின்றது. கூலியாட்கள் மேல்மண்ணைச் சுரண்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்ணாச்சி மேற்பார்வை.

"மண்ணை எங்க கொண்டு போறிய?"

"லீக்குதான் முடிஞ்சிட்டுல்லா. எரு இங்கன கெடந்து என்னலே செய்ய?"

வண்டி மிளகாய்க் காட்டுக்குள் போயிற்று. புல்லாவது மண்ணாங்கட்டியாவது. எனக்கு அவர் முகத்தில் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. வாய் வறண்டு போயிருந்தது.

அந்த வருஷம் அவருக்கு விளைச்சல் அமோகம். மாசியில் ஆட்டக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் ஆளுக்கொரு படி வத்தல் கொடுத்தனுப்பினார். அம்மா அதை அரைத்துக் குழம்பு வைத்தாள். நான் தட்டைத் தள்ளினேன்.

"வேலவெட்டி இல்லாதவனுக்கு ரோசம் என்னலே ரோசம்? தின்னு" என்றாள்.

தின்றேன். நல்ல காரம்.