ஃபில்டருக்கு வைத்த பொட்டு

படகு என்ஜினுக்கு ஆயில் ஃபில்டர் விற்பது என்பது, வாங்க வருகிறவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட தப்பைக் கையைப் பிடித்து நிறுத்துகிற வேலை. கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்று சம்பளம் வாங்குகிற உங்களுக்கு, மருந்துக்கடையோ செருப்புக்கடையோ, நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. திருப்போரூரில் பஸ் ஏறி, மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால் கடற்கரைச் சாலையில் இருக்கும் ஒரு உதிரிபாகக் கடைக்குத் தினமும் வருகிறேன். முன்பெல்லாம் பைக்கும் டிராக்டரும்தான். இப்போது பெரிய ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின் மாட்டிய வேகப் படகுகள் வந்துவிட்டதால், அவற்றுக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆயில் ஃபில்டரைப் பார்த்திராதவர்களுக்கு: டீ கிளாஸை விடக் கொஞ்சம் பெரிய தகர டப்பா. ஒரு பக்கம் மூடியிருக்கும். மறுபக்கம் நடுவில் மரை போட்ட ஓட்டை, அதைச் சுற்றிச் சின்னச் சின்ன ஓட்டைகள், விளிம்பில் ஒரு ரப்பர் வளையம். அழுக்கு எண்ணெய் சின்ன ஓட்டைகள் வழியாக உள்ளே போய், சுத்தமாகி, நடு ஓட்டை வழியாக என்ஜினுக்குத் திரும்பும். டப்பா சொதப்பினால் எண்ணெய் போகும். எண்ணெய் போனால் என்ஜின் இறுகி நின்றுவிடும். சாலையில் என்றால் வண்டியை ஓரங்கட்டலாம். கடலில் ஓரம் கிடையாது.

மரை சேருது

ஏழுமலை அண்ணன், சென்னையிலிருந்து தூண்டில் போட வருகிறவர்களைத் தன் வேகப் படகில் ஆழத்துக்கு ஏற்றிப் போகிறவர். போன வருடம் ஒருநாள் கையில் ஒரு வேன் ஃபில்டரோடு வந்து கவுன்டரில் டங்கென்று வைத்தார். "வெளிய வாங்கினேன். மரை கரெக்டா சேருது. நீ இன்னாத்துக்கு வேற டப்பாவக் காட்டி பேஜார் பண்ற?"

மரை சேரும். ஆபத்தே அதுதான். சேராமல் போயிருந்தால் அவரே தூக்கிப் போட்டிருப்பார். வேன் என்ஜின் நிதானமாக ஓடுவது. இவருடைய என்ஜினோ திராட்டிலை முழுசாகத் திறந்தால் கரை திரும்பும் வரை உச்சத்திலேயே கத்திக்கொண்டு ஓடும். அந்த அழுத்தத்தைத் தாங்குகிற தகரம் வேண்டும், உள்ளே அதற்கேற்ற வால்வு வேண்டும், உப்புக் காற்றில் பொடியாத பூச்சு வேண்டும். இதில் எதுவும் வெளியே பார்த்தால் தெரியாது. நான் என்ஜின் மாடலைக் கேட்டேன், எவ்வளவு தூரம் முழு வேகத்தில் ஓட்டுவீர்கள் என்று கேட்டேன், எண்ணெய் எந்த ரகம் என்று கேட்டேன். அவர் பதிலுக்கு மரையையே திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கும் கோபம் வரும். அந்த வேன் டப்பாவைக் குப்பைக் கூடையில் போடக் கையை நீட்டினேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். சரியானதை முறைத்தபடியே வாங்கிக்கொண்டு, வாசலில் நின்று திரும்பிச் சொன்னார்:

"எனக்குப் பொண்ணு குடுக்கும்போது கூட என் மாமனார் இவ்ளோ கேள்வி கேக்கலம்மா!"

வளையம் எங்கே?

ஒரு ரிசார்ட்டில் அதே மாதிரி என்ஜினோடு படகு ஓட்டும் சேகர், எங்களிடம் வாங்கிய ஃபில்டரைத் தானே மாட்டிவிட்டு, கழற்றிய பழையதைக் காயலானுக்குப் போடச் சொல்லிக் கொண்டுவந்தார். திருப்பிப் பார்த்தேன். விளிம்பில் ரப்பர் வளையம் இல்லை. "வளையம் எங்கே?" என்றேன். "எந்த வளையம்?" என்றார். பழைய வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதன் மேல் புதிய வளையத்தை வைத்துத் திருகியிருக்கிறார். இரண்டு ரப்பர் ஒன்றன்மேல் ஒன்று இருந்தால், அழுத்தம் ஏறியதும் ஒன்று வழுக்கி வெளியே வரும். அப்புறம் எண்ணெய் முழுக்க வெளியேதான்.

படகு இப்போது எங்கே என்றேன். கெஸ்ட்டை ஏற்றிக்கொண்டு இன்னொரு டிரைவர் கிளம்பப் போகிறார் என்று சொல்லிக்கொண்டே அங்கே போன் போட்டார். போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆளில்லை. மூன்றாவது தடவை எடுத்தார்கள். காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த சேகர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். அன்றைக்கே சட்டம் போட்டேன்: கழற்றிய பழைய ஃபில்டரை வளையத்தோடு கொண்டுவந்து காட்டினால்தான் புதியது. ஊரே என்னைத் திட்டியது. சேகர் மட்டும் திட்டவில்லை. போனை வைத்துவிட்டு அவர் சொன்னது:

"கரையிலயே பீச்சிட்ச்சாம்க்கா. கெஸ்ட்டு பேன்ட்டு கருப்பாயிட்ச்சு, ஆளு முழுசா கீறாரு, அது போதும்."

சாமி அலமாரி

இந்த வருடம் ஏழுமலை அண்ணன் படகுக்கு சர்வீஸ். மெக்கானிக் டேவிட் காலையிலேயே எண்ணெயை வடித்து, ஃபில்டரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வேறொரு வேலைக்குப் போய்விட்டார். என் சட்டப்படி பழையதை அண்ணன் கடைக்குக் கொண்டுவந்தார். வளையம் இருந்தது. வழிகிற எண்ணெய் கடையை நாறடிக்கக் கூடாது என்று அதை பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, மூலையில் இருந்த கோணியில் எறிந்தேன். அந்த ரகத்தில் கடைசியாக இருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

அண்ணன் அதை வீட்டுக்குக் கொண்டுபோனார். அந்தக் குப்பத்தில் பொட்டு வைக்காமல் எந்தப் புதுப் பொருளும் கடலுக்குப் போகாது. வலை, கயிறு, ஐஸ் பெட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. போன வருடம் ஃபில்டரை என்ஜினில் மாட்டிய பிறகுதான் அண்ணனுடைய மனைவி வள்ளி போய் வைத்தாள். இந்த முறை டேவிட் வரும்வரை வீட்டில் இருக்கிறதே என்று சாமி அலமாரியில் வைத்துவிட்டாள், வாய் மேலே பார்க்க. புருஷன் உயிர் இதில் இருக்கிறது என்று நான் கத்திய கத்தல் அவள் காதுக்கும் போயிருக்கிறது. அதனால் கொஞ்சமாக வைக்கவில்லை. குங்குமத்தையும் திருநீற்றையும் கை நிறைய அள்ளி வைத்தாள்.

மத்தியானத்துக்கு மேல் வள்ளிக்கு அவள் தம்பி முருகனிடமிருந்து போன். ஃபைபர் படகில் இரண்டு பேரோடு வலை போடப் போனவன். என்ஜின் நின்றுவிட்டது, காற்று திரும்பிவிட்டது, படகு வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. அவ்வளவு சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. செய்தி கேட்டுத் தேடிக் கிளம்பிய இரண்டு படகுகளும் மெதுவாகப் போகிறவை. இருட்டுவதற்குள் எட்டிப் பிடிக்கக்கூடியது ஏழுமலை அண்ணன் படகு ஒன்றுதான். அதுவோ எண்ணெய் இல்லாமல் மணலில் கிடக்கிறது. ஓடிவந்த டேவிட் அலமாரியிலிருந்த ஃபில்டரை எடுத்துப் பார்த்துவிட்டு எனக்குப் போன் போட்டார்:

"அக்கா, நடு ஓட்டைல குங்குமமும் துண்ணூறும் கொட்டிக் கீது. தட்னா கொஞ்சம் வருது, எல்லாம் வரல. இன்னா பண்ணட்டும்?"

மூன்று டப்பா

நடு ஓட்டை என்பது எண்ணெய் சுத்தமாகி வெளியே வருகிற வழி. அங்கே கிடக்கிற தூள் எதிலும் வடிகட்டாமல் நேராக என்ஜினின் பேரிங்குக்குப் போகும். "அதைத் தொடாதீங்க" என்றேன். பின்னால் வள்ளி அழுகிற சத்தம். ஏழுமலை அண்ணன் போனைப் பிடுங்கினார்.

"அந்த வேன் டப்பா வூட்ல கீது. மாட்டிக்கினு போறேன். மரை சேரும்."

சாதாரண நாளாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். இப்போது கடலில் மூன்று பேர். வேண்டாம் என்று சொல்லித் தாமதமானால் அவர்கள் கை விட்டுப் போகலாம். சரி என்று சொல்லி, நடுக்கடலில் தகரம் வீங்கிப் பிய்த்துக்கொண்டால் இவரும் டேவிட்டும் சேர்ந்து போவார்கள். "முருகனைத் தேட நீங்க போறீங்க. உங்களத் தேட யாருண்ணா போவாங்க?" என்றேன். அப்போதுதான் மூலையில் இருந்த கோணி கண்ணில் பட்டது. "காலையில குடுத்த பழசு என்கிட்ட இருக்கு. அழுக்கானாலும் உங்க என்ஜினுக்கு உண்டானது. இன்னைக்கு ஒரு ஓட்டம் தாங்கும். கொண்டாறேன்."

"உன் சட்டத்தாலதான் என் படகு மொட்டையா நிக்குது! சீக்கிரம் வா!" என்று கத்தினார். அவர் சொன்னது நியாயம்தான், ஆனால் யோசிக்க நேரமில்லை.

காயலான்காரர் வருகிறார் என்று எங்கள் முதலாளி அதற்குள் கோணியைத் தரையில் கொட்டித் தரம் பிரிக்க ஆரம்பித்திருந்தார். எல்லாம் ஒரே நிறம், ஒரே எண்ணெய்ப் பை. ரிசார்ட் படகுகளிலிருந்து வந்தவையும் அதே ரகம். அவற்றில் வளையம் வெடித்தது எது, உள்ளே அடைத்தது எது என்று யாருக்குத் தெரியும்? ஒவ்வொன்றாகப் பிரித்தேன். முடிச்சு அவிழவில்லை, பல்லால் கிழித்தேன். ஒன்றின் மூடிய பக்கத்தில், எண்ணெயும் உப்பும் ஏறிக் கறுத்துப்போன ஒரு வட்டம். விரலால் தேய்த்தேன், சிவப்பு தெரிந்தது. போன வருடம் படகில் வைத்து வள்ளி வைத்த பொட்டு. வளையமும் சரியாக இருந்தது. முதலாளியின் ஸ்கூட்டர் சாவியைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு ஓடினேன். அந்த ஸ்கூட்டரைச் சொந்த மச்சானுக்குக் கூடக் கொடுக்காத மனுஷன் பின்னாலேயே கத்தினார்:

"பெட்ரோலு கம்மியா கீது, பாத்துப் போம்மா!"

டேவிட்டின் விரல்

நான் போனபோது படகு தண்ணீர் ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருந்தது. டேவிட் என்ஜினில் ஃபில்டர் உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்து, பழைய ரப்பர் எதுவும் ஒட்டவில்லை என்று தடவிப் பார்த்தார். வளையத்தில் புது எண்ணெயைப் பூசிக் கையாலேயே இறுக்கினார். எண்ணெய் ஊற்றியதும் குப்பத்து ஜனம் முழுக்கத் தோள் கொடுத்துப் படகை அலைக்குள் தள்ளியது.

என்ஜின் உறுமியது. இடுப்பளவு தண்ணீரில் நின்றபடியே டேவிட் ஃபில்டரின் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டி, விரலை வெளிச்சத்தில் பார்த்தார். அண்ணன் வேகத்தை ஏற்றினார். மறுபடியும் விரல். அந்த விரலைத் தவிர எனக்கு வேறெதுவும் தெரியவில்லை. எண்ணெய் இருந்தால் எல்லாம் முடிந்தது. டேவிட் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு படகில் தாவி ஏறினார்.

"காஞ்சி கீதுண்ணா, வுடு!"

எந்தப் பக்கம்?

அப்புறம் காத்திருப்பதுதான் வேலை. வள்ளி அந்தப் புது ஃபில்டரைக் கையில் பிடித்தபடியே மணலில் உட்கார்ந்திருந்தாள். விரலெல்லாம் சிவப்பு. "நாந்தான்க்கா வெச்சேன். என் தம்பிக்கு நானே வெச்சிட்டேன்" என்றாள். எனக்கு உள்ளூர எரிச்சல் இருந்தது, உங்களிடம் மறைப்பானேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து எதைச் சொல்ல? "போன வருசம் நீ வெச்ச பொட்டு இல்லன்னா அந்தக் குவியல்ல உங்க டப்பாவ நான் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன்" என்றேன். அதற்குப் பிறகுதான் வாய்விட்டு அழுதாள்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் அலைக்கு அப்பால் ஒரு புள்ளி. பின்னால் இன்னொன்று. வேகப் படகு ஊர்ந்து வந்துகொண்டிருந்தது, கயிற்றில் ஃபைபர் படகு. கரையில் எல்லோரும் தலைகளை எண்ணினார்கள். மூன்றும் இருந்தன. முருகன் எழுந்து நின்று கையை ஆட்டினான். அழக்கூடாது என்று இருந்த நானும் அழுதுவிட்டேன். ஏழுமலை அண்ணன் இறங்கியதும் மச்சானைக் கட்டிக்கொள்ளவில்லை. ஃபில்டர் விளிம்பில் விரலை ஓட்டி, அந்த விரலைத் தூரத்திலிருந்தே என்னிடம் தூக்கிக் காட்டினார்.

புது சரக்கு வந்ததும் இரண்டு பேருமாகக் கடைக்கு வந்தார்கள். அண்ணன் அந்த வேன் டப்பாவைத் தன் கையாலேயே என் குப்பைக் கூடையில் போட்டார். வள்ளி முந்தானையிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்தாள். புது ஃபில்டரை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினாள்:

"நீயே வெச்சிக் குடுத்துடுக்கா. ஓட்டையாண்ட என் கையே போவ மாட்டேங்குது."

என் அனுபவத்தில், சரியான ஃபில்டரைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி, வாங்கிப் போகிறவர்களின் பாசத்திடமிருந்து அதைக் காப்பாற்றுவது.