கார்டுக்கு எண்ணெய் விட்டவன்

பெட்டியைத் திறந்து கையில் எடுத்ததும் குளிர்ந்தது.

சித்திரை வெயில், கல்முனையில் கரண்ட் இல்லாத ஒரு பகல்... அந்தப் புழுக்கத்தில் இரும்பும் செம்புமாக உள்ளங்கையில் அப்படி ஒரு குளிர். கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

கிராபிக்ஸ் கார்ட். தங்கச்சியின் மாப்பிள்ளை கட்டாரிலிருந்து கொண்டுவந்தது. யுத்தம் முடிவதற்கு முந்தின வருடம். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்கள் ஊரில் நாலைந்து பேர் இருந்தோம். இந்த மாதிரி கார்ட் வேறு ஒருத்தரிடமும் இல்லை.

செங்கல் கனம். மேலே உலோக மூடி, ஒரு திருகாணி கூட ஆடாது. அடியில் செம்புத் தகடு. அதிலிருந்து கிளம்பும் செம்புக் குழாய்கள், மெல்லிய தகடுகளை அடுக்கடுக்காக ஊடுருவிப் போகும். ஓரத்தில் ஒரு ஃபேன். அது காற்றை இழுத்து, தகடுகளுக்கு நடுவால் தள்ளி, பின்பக்கத்து இடுக்குகளால் சூட்டை வெளியே துப்பிவிடும்.

இதையெல்லாம் எனக்கு விளக்கினவன் குகன். பாண்டிருப்புக்காரன். என்னோடு படித்தவன். சுனாமிக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்துதான் கடை போட்டோம். கமெரா என் பக்கம், கம்ப்யூட்டர் அவன் பக்கம்.

"பின்னால கைய வச்சிப் பாரு மச்சான். வாற காத்து சுட்டா நல்லம். சூடு உள்ளுக்க நிண்டாத்தான் வில்லங்கம்" என்பான்.

காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. எனக்கு வேறு பயம்... உப்பு.

சுனாமிக்கு முன் என்னிடம் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. தண்ணீர் வற்றியதும் சேற்றுக்குள்ளிருந்து எடுத்து, கழுவி, காயவைத்தேன். ஒரு கிழமையில் உள்ளெல்லாம் பச்சை பூத்தது. திருகாணிகள் தொட்ட கையோடு உதிர்ந்தன. அதைப் பார்த்தவனுக்குக் கடற்காற்று என்றாலே நடுக்கம்தான்.

கடலோரத்தில் இரும்புக்கு எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. எண்ணெய். சைக்கிள் செயினுக்கு, கதவுப் பிணைச்சலுக்கு, ஜன்னல் கம்பிக்கு... தையல் மிஷின் எண்ணெய்க் குப்பியோடு உம்மா மாதத்தில் ஒரு தரம் வீடு முழுக்கச் சுற்றி வருவா.

நான் மாதத்தோடு நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை குகன் வருவதில்லை. ஜும்ஆத் தொழுகைக்குப் போவதற்கு முன் குப்பியின் நீண்ட மூக்கைக் கார்டின் பின் இடுக்குகளுக்குள் விட்டு, இரண்டு மூன்று சொட்டு. ஃபேனுக்கும் ஒரு சொட்டு. குகனிடம் சொல்லவில்லை. சிரிப்பான்.

சில மாதம் போக, "சத்தம் கூடவா இரிக்கி, ஒருக்கா திறந்து பாப்பம்" என்றான்.

"புதுச் சாமானத் திறந்து பழுதாக்கிராத" என்றேன் நான். என்ன பெருமை எனக்கு.

பிறகு யுத்தம் முடிந்த கிழமை வந்தது. தெருவில் வெடி கொளுத்தினார்கள். குகன் கடைக்குள்ளே தலையைக் குனிந்தபடி எடிட் செய்துகொண்டிருந்தான். அவனுடைய பெரியம்மா குடும்பம் கடைசிச் சண்டை நடந்த வன்னியில். ஒரு தகவலும் இல்லை என்று திங்கட்கிழமை என்னிடம் சொல்லியிருந்தான். "ம்" என்று கேட்டுவிட்டு நான் என் வேலையைப் பார்த்தேன்.

வியாழக்கிழமை கார்ட் செத்தது. ஸ்கிரீனில் பல நிறக் கோடுகள், கருகல் மணம், பிறகு கறுப்பு. மறுநாள் கொடுக்க வேண்டிய கல்யாண வீடியோ பாதியில் நின்றது.

எட்டிப் பார்த்த பக்கத்துக் கடைக்காரர் என்னை வெளியே கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். "அவன்ட மனம் இப்ப சரியில்ல தம்பி. நீங்க கவனமா இரிங்க."

அவ்வளவுதான். அவனைச் சந்தேகப்பட அது எனக்குப் போதுமாக இருந்தது.

உள்ளே போனேன். குகன் கார்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். விரல் நுனிகளை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா செஞ்ச?"

"நான் ஒண்டும் செய்யல்ல."

"அப்ப தானா எரிஞ்சதா? ஆர்ர கோவத்த ஆருக்கிட்ட காட்டுற?"

என் நாக்கு அன்றைக்கு அழுகி விழுந்திருக்கலாம்.

கார்டை மேசையில் வைத்தான். சாப்பாட்டுப் பெட்டியை எடுத்தான். போனான். பாண்டிருப்புக்கு எங்கள் கடையிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம் ஆகாது. அவனும் வரவில்லை, நானும் போகவில்லை.

இரண்டு வருடம் கழித்துக் கடை மாறினேன். செம்பையாவது பழைய இரும்புக்காரனுக்குக் கொடுக்கலாமே என்று அந்தக் கார்டின் மூடியைக் கழற்றினேன். தகடுகளுக்கு நடுவில் ஊசி போக இடமில்லை. எண்ணெயும் தூசியும் பஞ்சும் சேர்ந்து கறுத்த களியாக அடைத்துக் கிடந்தது. ஃபேனை விரலால் தட்டினேன், அருமையாகச் சுற்றியது. காற்றுப் போகத்தான் வழியில்லை. கார்டைச் செய்த கம்பெனிக்காரன் ஒரு குறையும் வைக்கவில்லை. வெள்ளிக்கு வெள்ளி அதைக் கொன்றது நான்.

அன்றைக்கே போயிருக்க வேண்டும். போகவில்லை. வெட்கம் என்று சொல்லிக்கொண்டேன். கோழைத்தனம் என்பதுதான் சரி.

இன்னும் மூன்று நாலு வருடம் கழித்து, மீன் சந்தையில் நேருக்கு நேர் வந்துவிட்டான். தப்ப வழியில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"அண்டைக்கே தெரியும்" என்றான். "கையில பிசுபிசுத்தது. மிஷின் எண்ணெய் மணம்."

"அப்ப ஏன்டா சொல்லாம போன?"

மீன் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டான்.

"பெரியம்மாக்கள்ட தகவல் ஏதும் கிடச்சதா எண்டு அந்தக் கிழமை நீங்க ஒருக்கா கேப்பீங்க எண்டு பாத்துட்டு இருந்தன். நீங்க கார்டப் பத்தித்தான் கேட்டீங்க."

நீங்க... இத்தனை வருடம் என்னை 'நீ' என்றவன்.

இப்போது என் கடையில் ஏசி இருக்கிறது. மூன்று ஃபேன் வைத்த கார்ட். சூடு எத்தனை பாகை என்று ஸ்கிரீனிலேயே காட்டும், கூடினால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கூட வேலை செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். மச்சான் என்று என்னைக் கூப்பிட ஒருத்தரும் இல்லை.

அன்றைக்குச் சந்தையிலாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவனுடைய பெரியம்மா குடும்பம் என்னானது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.