யாரையும் கூப்பிடாத பட்டன்

என் மேஜை டிராயரில் ஒரு பிளாஸ்டிக் தாள் கிடக்கிறது. மிஷினின் டச் ஸ்கிரீன்மேல் கீறல் விழாமல் இருக்க ஒட்டுவார்களே, அந்தத் தாள். மற்ற இடமெல்லாம் புதுசுபோலப் பளபளக்க, கீழே வலது மூலையில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்குத் தேய்ந்து மங்கியிருக்கிறது. தேய்த்தது ஒரு அக்காவின் விரல். தேய்க்க வைத்தது நான்.

ஓசூரில் ஒரு கம்பெனி. மிஷின்களின் டச் ஸ்கிரீனுக்குப் புரோகிராம் எழுதித் தருவது என் வேலை. அக்கா வேப்பனப்பள்ளியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். வீட்டில் தெலுங்கு, பக்கத்து மிஷின்காரியிடம் கன்னடம், என்னிடம் தமிழ். ஒன்பது வருஷமாகக் காண்ட்ராக்ட். பர்மனென்ட் ஆட்களுக்கு ஐ.டி. கார்டு நீலக் கயிற்றில் தொங்கும், காண்ட்ராக்டுக்கு மஞ்சள். அந்த வருஷம் எங்கள் லைனில் ஒருவருக்கு நீலக் கயிறு என்று பேச்சு வந்தபோது எல்லோரும் அக்காவைத்தான் சொன்னார்கள். அவரும் வெட்கப்பட்டுக்கொண்டே நம்பினார்.

மிஷின் நின்றால் ஏன் நின்றது என்று என் ஸ்கிரீன் கேட்கும். மெட்டீரியல் இல்லை, காற்று அழுத்தம் இல்லை, டூல் பழுது, தரச் சோதனை, ஆபரேட்டர் தவறு. ஐந்தில் ஒன்றை அமுக்கினால்தான் மறுபடி ஓடும். ஆறாவதாக ‘வேறு காரணம்’ என்றும் ஒன்று வைத்திருந்தேன். “அதை வெச்சா எல்லாரும் அதையேதான் அமுக்குவாங்க, ரிப்போர்ட்டே வேஸ்ட். எடுத்துடும்மா” என்றார் மேனேஜர். எடுத்தேன்.

ஒருநாள் நான் டீக்குக் கிளம்பும்போது அக்கா கூப்பிட்டார். “மிஷின் சும்மா சும்மா நின்னு போவுது பாப்பா. பீஸ் உள்ளதான் இருக்குது, இல்லைங்குது. இதுல நான் எதை அமுக்கறது?” சென்சாரில் தூசு. கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் கையில் நாலு வேலை, டீ வேறு ஆறிக்கொண்டிருந்தது. “ஏதோ ஒண்ணை அமுக்குங்கக்கா, ஓடும்” என்று சொல்லிவிட்டுப் போனேன்.

ஏதோ ஒன்று என்றால் எது? மெட்டீரியலை அமுக்கினால் ஸ்டோர்ஸ்காரர் ஓடி வந்து கத்துவார். டூல் என்றால் மெயின்டனன்ஸ், தரம் என்றால் இன்ஸ்பெக்டர். ஒவ்வொரு பட்டனும் யாரையாவது கூப்பிடும்படி நானே எழுதியிருந்தேன். யாரையும் கூப்பிடாதது கீழே வலது மூலையில் இருந்த ஐந்தாவது மட்டும்தான், ‘ஆபரேட்டர் தவறு’. அக்கா யாருக்கும் தொந்தரவு கொடுக்காத பிறவி. நாளுக்கு எத்தனை தடவை மிஷின் நின்றதோ, அத்தனை தடவையும் தப்பு தன்னுடையது என்று அமுக்கிவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார்.

பர்மனென்ட் மீட்டிங்கில் என் ரிப்போர்ட்டைத்தான் சுவரில் போட்டுக் காட்டினார்கள். அக்கா பெயருக்கு நேரே ‘ஆபரேட்டர் தவறு’ என்ற சிவப்புக் கம்பம் கூரை வரைக்கும் நின்றது. “நீங்களே அமுக்கினதுதானேம்மா, நாங்களா அமுக்கினோம்?” என்று ஹெச்.ஆர். சிரித்தபடி கேட்டார். அக்கா என் பக்கம் திரும்பினார். “அதுல வேற என்ன இருந்துச்சு? நீ சொல்லு பாப்பா.”

ஒரு வாக்கியம் போதும். நான்தான் அமுக்கச் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. லேப்டாப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன், அதில் ஏதோ முக்கியமாக ஓடுகிற மாதிரி. சீ!

நீலக் கயிறு வேறொருத்திக்குப் போயிற்று. அடுத்த மாதம் அக்காவின் காண்ட்ராக்டையும் புதுப்பிக்கவில்லை. அவர் போன பிறகு அதே மிஷினில் வந்தவளுக்கும் அதே தொல்லை. அப்போதுதான் சென்சாரைத் துடைத்தார்கள், ‘சென்சார்’ என்று ஒரு பட்டனும் சேர்க்கச் சொன்னார்கள். பத்து நிமிஷ வேலை. அன்றைக்குத்தான் பழைய தாளை உரித்து, குப்பையில் போட மனம் வராமல் பையில் வைத்துக்கொண்டேன்.

இப்போது வெளிக் கம்பெனிகளுக்கும் ஸ்கிரீன் எழுதித் தருகிறேன். போன வாரம் போச்சம்பள்ளியில் ஒரு புது கம்பெனிக்கு ஸ்கிரீன் காட்டினேன். ‘வேறு காரணம்’ எதற்கு, எடுத்துவிடுங்கள் என்றார்கள். அரை மணி நேரம் வாதாடினேன் என்று எழுதினால் படிக்க நன்றாகத்தான் இருக்கும். “சரி சார்” என்றேன்.

வீட்டுக்கு வந்து டிராயரைத் திறந்தேன். தேய்ந்த இடத்தில் என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன், சரியாகப் பொருந்தியது. திங்கட்கிழமை போச்சம்பள்ளியில் அந்த ஸ்கிரீன் ஓட ஆரம்பிக்கிறது. ஐந்து பட்டன். ஐந்தாவதை அமுக்கினால் யாரும் வரமாட்டார்கள்.