விரதம் இருந்த மஞ்சள் மீன்

லிட்டில் இந்தியாவில் ஒரு பல் மருத்துவரிடம் காத்திருந்தேன். மூலையில் மீன்தொட்டி. வரவேற்பில் இருந்த பெண் அதிலிருந்த மஞ்சள் மீனைக் காட்டி, "அங்கிள், ரெண்டு வாரமா இது சாப்பிடவே மாட்டேங்குது. சிக் போல" என்றாள். பல்வலியோடு சிரிப்பது என்ன கொடுமை என்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ.

அது ஆப்பிரிக்க சிக்லிட். பல வருஷங்களுக்கு முன் புக்கிட் பாத்தோக்கில் எங்கள் வீட்டுக்கார அண்ணனின் கூடத்தில் அதே ஜாதி மீன் ஒரு ஜோடி இருந்தது. ராஜா, ராணி. இரண்டும் எலுமிச்சை மஞ்சள், துடுப்போரம் மட்டும் கறுப்பு. டாக்சி ஓட்டும் அண்ணன் மனைவியோடு ஒரு மாதம் மதுரைக்குக் கிளம்பும்போது, அங்கே ஒரே அறையில் வாடகைக்கு இருந்த என்னையும் சேகரையும் கூப்பிட்டார். அவர் பேச்சில் உள்ளூர் வழக்கப்படி ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும். "மீன் செத்துச்சுன்னா வேற ரூம் பாத்துக்குங்க லா." நாங்கள் ஊரிலிருந்து வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த வாடகையில், சமைக்கவும் விடுகிற வீடு வேறெங்கும் எங்களுக்குக் கிடைக்காது.

அண்ணன் விமானம் ஏறிய மூன்றாம் நாள் ராணி சாப்பாட்டை நிறுத்தினாள். தாடை வீங்கியிருந்தது. கப்பல் பட்டறையில் வேலை பார்த்த சேகர், பால்குடம் எடுப்பதற்காக விரதம் தொடங்கியிருந்த சமயம் அது. மஞ்சள் வேட்டியோடு தொட்டி முன் நின்று யோசித்தான்.

"டேய், தைப்பூசம் வருதுல்ல. இவளும் விரதம்டா."

"ஆப்பிரிக்க மீனுக்கு முருகனை எப்படிடா தெரியும்?"

"கலரைப் பாரு."

நான் பொறியியல் படித்தவன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டே நாளில் நம்பிவிட்டேன். நம்பாவிட்டால் வேறு அறை தேட வேண்டுமே. தீனியில் இறால் பொடி இருப்பதைச் சேகர் டப்பாவில் படித்துக் கண்டுபிடித்தான். அன்று முதல் வேகவைத்த பட்டாணி, தேக்கா சந்தைக் கீரை என்று சைவமாகவே வைத்தோம். எல்லாவற்றையும் ராஜா தின்று கொழுத்தான். அண்ணன் வீடியோவில் கூப்பிட்டால், ராஜாவை இடப்பக்கம் காட்டி ராஜா என்போம். வலப்பக்கம் காட்டி ராணி என்போம். "ராணி நல்லா சதை போட்டுட்டா லா" என்று அவர் மகிழ்ந்துபோனார்.

எங்களில் யார் பிந்தி வந்தாலும், செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்கும் முதல் கேள்வி "சாப்டாளா?" என்பதுதான்.

தைப்பூசத்தன்று சேகர் பால்குடம் சுமந்துவிட்டு, காலில் கொப்புளத்தோடு வந்து தொட்டி முன் உட்கார்ந்தான். ராணி வாயைத் திறந்தாள். உள்ளேயிருந்து மஞ்சள் குஞ்சுகள் ஒவ்வொன்றாக நீந்தி வந்தன. சேகர் கைகூப்பினான். நானும்தான். ராஜா பாய்வதற்குள் குஞ்சுகளை வாளியில் அள்ளிவிட்டு, அண்ணனைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னோம்.

"முட்டையை வாயிலதான் லா வச்சிருக்கும். குஞ்சு வெளிய வர்ற வரைக்கும் தின்னாது" என்று விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கொஞ்சம் யோசித்தார். "இதுங்களுக்குப் பெரிய தொட்டி வேணுமே. உங்க ரூம்லதான் எடம் இருக்கு. அடுத்த மாசம் வேற எடம் பாத்துக்குங்க தம்பி."

மீன் செத்தால்தான் வெளியேற வேண்டும் என்று நினைத்திருந்தோம். சேகர் தங்குவிடுதிக்குப் போனான், சில வருஷங்களில் ஊருக்கே போய்விட்டான்.

வரவேற்புப் பெண்ணிடம், "அதுக்கு ஒண்ணுமில்லம்மா, ஒரு வாளி மட்டும் தயாரா வச்சுக்கோ" என்றேன். இப்போது எனக்குச் சொந்த வீடு, மூன்று அறை. மாலையில் கதவைத் திறந்து செருப்பைக் கழற்றும்போது அந்தக் கேள்வி இன்னும் வாய்வரை வருகிறது. உள்ளே பதில் சொல்லத்தான் யாருமில்லை.