வேம்புவின் கையும் முசேயின் வாந்தியும்

வேம்பு உடைத்த எலும்புகளில் ஊருக்குத் தெரிந்தது அந்த விரல்தான். முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்குச் சற்றுத் தள்ளி அவள் இளநீர் வண்டி போட்ட புதிதில், காய் வாங்கும் சாக்கில் ஒருவன் அவள் இடுப்பைத் தொட்டான். அவள் கத்தவில்லை. அந்தக் கையை இழுத்துக் காய் வெட்டும் கட்டையின் மேல் வைத்து, அரிவாளைத் திருப்பிப் பிடித்து, மழுங்கல் பக்கத்தால் ஒரு போடு போட்டாள். அவன் அலறிக்கொண்டிருக்கும்போதே, "அடுத்தது யாரு? வழுக்கையா, தண்ணியா?" என்று வரிசையில் நின்றவர்களைக் கேட்டாள்.

எங்கள் வீட்டுக் கீழ்ப்பகுதியில் அவள் நெடுங்காலமாகக் குடியிருக்கிறாள். நான் பிரான்சுக்குப் போன பிறகு, தனியாக இருந்த அப்பாவுக்குக் கீழே ஆள் நடமாட்டம் இருக்கட்டும் என்று அந்தப் பகுதியை வாடகைக்கு விட்டோம். ஆண்டுக்கொரு முறை வருவேன். விமானத்தில் ஏறியதிலிருந்து, இந்த முறை யாருக்கு என்ன ஆகியிருக்குமோ என்றுதான் யோசித்துக்கொண்டு வருவேன். பெரும்பாலும் கீழ்வீட்டில்தான் ஏதாவது ஆகியிருக்கும்.

அவள் புருஷன் இராமதாஸ் மில் தொழிலாளி. மில் மூடிய பின் அவனுக்கு அவளை அடிப்பது ஒன்றுதான் நாள் தவறாத வேலை. தலைமயிரைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துப் போய் அடிபம்பில் அவள் நெற்றியை மோதுவான். அப்பா மாடியிலிருந்து சத்தம் போட்டால் கொஞ்ச நேரம் நிறுத்துவான். ஒரு நாள் ஓங்கிய அவன் கையை அவள் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் அம்மிக்குழவி இருந்தது. மாவுக்கட்டோடு கடலூர்ப் பக்கம் போனவன் திரும்பவில்லை.

அத்தோடு அந்த வீட்டில் அடி நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அடிக்கிற கைதான் மாறியது. மகள் சுடர்விழி அப்போது சின்னப் பெண். பாடம் வரவில்லை என்றால் அடி, பால் பொங்கினால் அடி, பதில் சொன்னால் அடி, சொல்லாவிட்டாலும் அடி. சுடர்விழியின் கெண்டைக்காலில் கரண்டியின் வட்டம் அப்படியே சூட்டுத் தழும்பாக இருக்கிறது. பள்ளியில் கேட்டதற்கு அடுப்பில் விழுந்துவிட்டேன் என்றாளாம். நோணாங்குப்பத்தில் படகு ஓட்டும் வினோத்குமாரைக் கட்டிக்கொண்டு போனபோது அவள் அழவே இல்லை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

வேம்பு கை வைக்காத உயிர் ஒன்று உண்டென்றால் அது முசேதான். மட்டைக் குவியலுக்குள் தெருநாய்கள் கிழித்துப்போட்டிருந்த பூனைக்குட்டி அது. நாய்களை மட்டையாலேயே அடித்து விரட்டிவிட்டு மடியில் போட்டுக்கொண்டு வந்தாள். வெள்ளைச் சட்டைக்கு மேல் கறுப்புக் கோட்டு மாட்டியதுபோல் இருந்ததால் அப்பா அதைப் பிரெஞ்சில் 'ஐயா' என்பதுபோல் 'மிஸ்ஸியே' என்று கூப்பிட்டார். வேம்புவின் வாயில் அது முசே ஆகிவிட்டது. அப்பா போய்விட்டார். பெயர் மட்டும் இருக்கிறது.

போன கோடையில், நான் நீண்ட விடுப்பில் வந்திருந்தபோது, வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்காகச் சுடர்விழி தாய்வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு விருப்பமில்லை, மாமியார்தான் முறையை விடக்கூடாது என்று அனுப்பியிருந்தாள். சுடர்விழி வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"உள்ள வரதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிடறேன்மா. நா இங்க இருக்கிற வரைக்கும் நீ யாரு மேலயும் கை வைக்கக் கூடாது. வச்சேன்னு தெரிஞ்சிது, அன்னிக்கே கெளம்பிடுவேன். பொறக்கிற புள்ளைய உன் கைல குடுக்கவே மாட்டேன்."

வேம்பு சிரித்தாள். "கொசு அடிக்கலாமாடி? இல்ல அதுக்கும் உன்னக் கேக்கணுமா?"

"கொசு அடிச்சிக்க."

"சரி வா உள்ள. வயித்தத் தள்ளிக்கினு வெயில்ல நின்னு சட்டம் பேசாத."

சிரித்தாளே தவிர, அவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் வண்டியில் ஒருவன் அவளைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிவிட்டுப் போனான். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அவள் கையில் இருந்த காய்தான் பாடுபட்டது. ஓடு பிளந்து, வழுக்கை நசுங்கி, குடிக்க ஒன்றும் மிச்சமில்லாமல் போகும் வரைக்கும் வெட்டினாள். பிறகு பழைய சேலைகளைக் கிழித்துத் தூளிக்குத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

வந்த வாரமே மீன் சிக்கல் தொடங்கியது. முசேவுக்கு மத்தி வேகவைத்தால் சுடர்விழிக்குக் குடலைப் புரட்டியது. "மீன நிறுத்து, இல்ல நா நிறுத்திடுவேன் மூச்ச" என்று சொல்லி, பூனைக்கென்று விற்கும் உலர்தீனிப் பை ஒன்றை போனிலேயே ஆர்டர் போட்டு வரவழைத்தாள். முசே அதைக் கண்ட மாத்திரத்தில் மூஞ்சியைக் கிண்ணத்துக்குள் புதைத்துக் காலி செய்தது. அடுத்த கொஞ்ச நேரத்தில் கொல்லையில் முதுகை வளைத்து, வயிற்றை எக்கி எக்கி, அத்தனையையும் கக்கியது. மறுநாளும் அப்படியே.

"நல்லாருக்குடி வூடு. ஒரு பக்கம் நீ வாந்தி, ஒரு பக்கம் அது வாந்தி. ரெண்டு பேருக்கும் சேத்து வளைகாப்பு பண்ணியிருக்கலாம்" என்றாள் வேம்பு. ஆனால் நாளாக ஆக அவள் குரலில் கேலி குறைந்தது. பூனை இளைத்தது. மருத்துவரிடம் காட்டலாம் என்றேன். "ஊசி போட்டுக் கொன்னுடுவானுங்கண்ணே" என்று மறுத்துவிட்டாள். அவளுக்கு வேறொரு சந்தேகம் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த வீட்டு ஆதிமூலம் எலெக்ட்ரீஷியன். மாடியில் புறா வளர்ப்பவன். அந்த ஆண்டுப் பொங்கலுக்குப் பிறகு, நான் வருவதற்கு முன்னால், ஒரு நாள் முசே அவனுடைய குட்டிக்கரணம் போடும் கர்ணப் புறா ஒன்றைக் கவ்விவிட்டது. அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தெருவே கேட்கக் கத்தினான்: "யக்கா, உன் பூனையக் கட்டி வை! இல்ல மருந்து வச்சிடுவேன்!"

"வச்சுத்தான் பாரேன். மறுநாளு உன் புறா எல்லாம் என் வூட்டுச் சால்னாவுல கெடக்கும்."

இரண்டு பேரும் அதை மறந்துவிட்டார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வேம்பு காய் எடுத்துப்போக வண்டியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாள். அடுத்த மாடியிலிருந்து முசே சுவர் வழியாக இறங்கி வந்தது, தின்றது, கக்கியது. அவள் குந்தி உட்கார்ந்து தேங்காய் நாரால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேலே ஆதிமூலத்தின் குரல் கேட்டது.

"சுடரு! ஏ சுடரு! பூனைக்கு மருந்து வச்சுட்டேன்மா! இனிமே கவலையில்ல!"

பிரெஞ்சில் இந்த 'மருந்து'க்கு இரண்டு தனித்தனிச் சொற்கள் உண்டு. ஒன்றை மற்றொன்றாக யாரும் கேட்டுவிட முடியாது. நம்மிடம் குழந்தைக்குப் புகட்டுவதும் மருந்து, வயலுக்கு அடிப்பதும் மருந்து, எலிக்கு வைப்பதும் மருந்து, மனம் வெறுத்தவர்கள் குடிப்பதும் மருந்து. எந்த மருந்து என்பதைக் கேட்பவரின் மனம்தான் முடிவு செய்கிறது. வேம்புவின் மனம் எப்போதோ முடிவு செய்து வைத்திருந்தது.

நான் மாடியில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். அவள் படியேறி என்னைக் கடந்து போனாள். கையில் அரிவாள். எந்தப் பக்கத்தைத் திருப்பிப் பிடித்திருக்கிறாள் என்றுதான் முதலில் பார்த்தேன், தெரியவில்லை. "வேம்பு, வேம்பு" என்றேன். கைப்பிடிச் சுவரைத் தாண்டி அவன் மாடியில் குதித்துவிட்டாள்.

முதல் அடியைத் தடுக்க அவன் கையைத் தூக்கினான். முன்கை எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டாவது அடி மண்டையில். மழுங்கல் பக்கம்தான். ஆனாலும் தோல் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவன் கூண்டின் மேல் சாய, கூண்டு சரிய, புறாக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பி அவள் முகத்தில் அடித்துப் பறந்தன. அவள் கண்ணைக்கூட மூடவில்லை.

"யக்கா... யக்கா, கேளு..."

"வாயில்லாத சீவனுக்கு மருந்து வக்கிறியா? நீ தின்னு! நீ தின்னு பாப்போம்!" கீழே கொட்டிக் கிடந்த கம்புத் தானியத்தை அள்ளி அவன் வாய்க்குள் திணித்தாள். அவன் திமிறினான். மார்பில் முழங்காலை ஊன்றிக்கொண்டு இன்னும் திணித்தாள். ரத்தமும் தானியமுமாக அவன் துப்பியதைத் திரும்பவும் வழித்து உள்ளே தள்ளினாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கத்திக்கொண்டிருந்தேன்.

சுடர்விழி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவன் வீட்டுப் படி வழியாக மேலே வந்துவிட்டாள். பின்னாலிருந்து அம்மாவின் சேலையைப் பற்றி இழுத்தாள். யார் இழுப்பது என்று வேம்பு பார்க்கவில்லை. புறங்கையை வீசினாள். அது மகளின் கன்னத்தில் விழுந்தது. சுடர்விழி தண்ணீர்த் தொட்டியில் மோதி, அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

"அது உண்ணி மருந்தும்மா" என்றாள். உதட்டிலிருந்து ரத்தம் வந்தது. "கழுத்துல வக்கிறது. உனக்குத் தெரியாம டாக்டருகிட்ட கேட்டு வாங்கினது. எனக்குக் குனிய முடியலன்னு நாந்தான் ஆதிமூலத்த வைக்கச் சொன்னேன்."

அவன் சட்டைப் பையிலிருந்து காலி மருந்துக் குழாய் ஒன்று தரையில் உருண்டது. வேம்பு அவன் மார்பிலிருந்து முழங்காலை எடுத்தாள். மகளிடம் போகக் காலை வைத்தாள். "கிட்ட வராத" என்றாள் சுடர்விழி.

ஆட்டோவில் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு பக்கம் தலையில் துண்டோடு ஆதிமூலம், ஒரு பக்கம் சுடர்விழி, நடுவில் நான். வேம்பு ஏறக் கூடாது என்று மகள் சொல்லிவிட்டாள். வழியெல்லாம் எனக்குக் குழந்தையைப் பற்றிய நினைப்புத்தான். இருதயத் துடிப்பு நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் ஆதிமூலம் இருந்த பக்கமே போனேன்.

ஆதிமூலத்துக்குத் தையல் போட்டு, கையில் கட்டுப் போட்டார்கள். போலீஸ்காரர் வந்து கேட்டார்.

"மாடியில வழுக்கி வுழுந்துட்டேன் சார்."

"கையி, மண்டை, வாயி எல்லாத்துலயுமா ஒரே நேரத்துல?"

"பாசி சார்."

"சித்திரை வெயில்ல எங்கய்யா பாசி?"

"அதான் சார், எனக்கும் புரியல."

அவர் போன பிறகு ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "பின்ன? பொம்பள கையால அடி வாங்கினேன்னு எழுதிக் குடுக்கவாண்ணே? அப்பறம் முத்தியால்பேட்டையில எவன் என்னை ஃபேன் மாட்டக் கூப்புடுவான்?"

சுடர்விழி துணி எடுக்கக்கூட வீட்டுக்கு வரவில்லை. வினோத்குமார் வந்து ஆஸ்பத்திரியிலிருந்தே அவளை நோணாங்குப்பத்துக்கு அழைத்துப் போய்விட்டான்.

மறுநாள் வேம்புவே, பழக்கூடையில் முசேயை வைத்து மூடிக்கொண்டு, மருத்துவரிடம் போகலாம் வா என்று என்னைக் கூப்பிட்டாள். அவர் பூனையின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார்.

"தின்னதும் உடனே எடுக்குதா?"

"உடனே."

"அரைபட்டு வருதா, முழுசு முழுசா வருதா?"

"பையில இருக்கிற மாதிரியேதான் வருது."

அவர் சிரித்துவிட்டார். "மெல்லவே இல்லம்மா. அப்படியே முழுங்குது. குட்டியில பசியில கெடந்திருக்கும். எவனாவது புடுங்கிடுவான்னு அதுக்கு பயம். கிண்ணத்துல குவிக்காதீங்க. அகலத் தட்டுல பரப்பி வையுங்க. வெதுவெதுன்னு தண்ணி தெளிச்சு ஊற வச்சு, கொஞ்சம் கொஞ்சமா நாலஞ்சு வேளையாக் குடுங்க. தீனி மாத்தறதுன்னா பழச கொறச்சு புதுச ஏத்தணும், ஒரே நாள்ல மாத்தக் கூடாது. அப்பவும் நிக்கலன்னாலோ, ரத்தம் கலந்து வந்தாலோ, சாப்புடாமக் கெடந்தாலோ உடனே தூக்கிக்கினு வாங்க."

"அப்ப யாரும் மருந்து வைக்கல?"

"யாரும் எதுவும் வைக்கலம்மா."

வேம்பு தலையை ஆட்டினாள். பிறகு தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள். பலமாக. ஒன்று, இன்னொன்று, இரண்டு கையாலும். மருத்துவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். முசே மேசைக்கடியில் பாய்ந்தது. அவள் கைகளைப் பிடிக்க எனக்கு முழு பலமும் தேவைப்பட்டது.

"வுடுண்ணே. இவள அடிச்சா யாரு கேக்கப் போறா?"

ஆதிமூலத்தின் கையில் கட்டு இருந்தவரை அவள்தான் அவனுக்குச் சோறு கொண்டுபோனாள். கூண்டையும் அவளே கம்பி கட்டி நிமிர்த்தினாள். "யக்கா, மொதல்ல அந்தக் கரண்டிய அங்க வையி. அப்பறம் உக்காந்து பேசு" என்பான் அவன். முசேயின் தீனியைத் தட்டில் பரப்பி, தண்ணீர் தெளித்து, அது தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். வாந்தி மெல்ல நின்றது. நோணாங்குப்பத்துக்கு போன் போட்டால் மட்டும் யாரும் எடுப்பதில்லை.

பெண் குழந்தை கதிர்காமத்தில்தான் பிறந்தது. வினோத்குமார் ரகசியமாக எனக்குச் சொன்னான். நான் பிரான்சுக்குத் திரும்ப இன்னும் சில நாள் இருந்தது. வேம்புவை அழைத்துப் போனேன். வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அவன் துண்டில் சுற்றிய குழந்தையோடு வெளியே வந்தான்.

"அத்தை, அவ தூங்கறா. சட்டுன்னு ஒரு தடவ வாங்கிக்கங்க."

வேம்பு எழுந்தாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

"அவ குடுக்கச் சொன்னாளா?"

"அவளுக்குத் தெரியாது அத்தை. தெரியவும் போறதில்ல."

"எனக்குத் தெரியும் இல்ல." குனிந்து, குழந்தையின் முகத்துக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுபோய் மூச்சை இழுத்தாள். மூக்குக்கூடப் படவில்லை. "எடுத்துக்கினு போ மாப்ளே. அவ முழிச்சதும் வந்தேன்னு சொல்லு. குடுத்தா வாங்கிக்கறேன். குடுக்கலன்னா நாளைக்கி வரேன்."

மறுநாளும் போனாள். அவர்கள் வீட்டுக்குப் போன பிறகு நோணாங்குப்பத்துக்கும் போனாள். காலை வியாபாரம் முடிந்ததும் பஸ் ஏறிப் போய், அவர்கள் வாசலுக்கு எதிரே வேப்ப மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறாள். கூப்பிடுவதில்லை, கதவைத் தட்டுவதில்லை. வினோத்குமார்தான் எனக்கு போனில் சொல்கிறான். குழந்தையை இன்னும் சுடர்விழி கொடுக்கவில்லை. போன வாரம் மட்டும், வெயில் அதிகமாக இருந்த ஒரு நாள், உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டாளாம்.